ஊசி போட்டவள் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டுமா?



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் உங்கள் வீட்டில் இன்சுலின் போடுகிற உம்மாவோ, ராத்தாவோ, மனைவியோ, மருமகளோ இருந்தால் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன மாதம் மாமி வீட்டில் ஒரு விருந்து. கணவருடைய தம்பி கல்யாணம் முடித்த வீட்டாரை அழைத்துக் கொடுக்கிற பகல் சாப்பாடு. "ளுஹர் தொழுதிட்டு வந்து சாப்பாடு" என்றுதான் பேச்சு. ஆண்கள் பள்ளியிலிருந்து வந்தார்கள். பெண் வீட்டார் சுணங்கினார்கள். முதல் சஹன் வைக்கும்போது ஒன்றே முக்கால். ஆண்கள் இரண்டு பந்தி. பிறகு வந்திருந்த பெண்கள். பிறகு பிள்ளைகள். வீட்டுப் பெண்கள் நாங்கள் ஏழு பேர் குசினிக்குள் சோறு அள்ளுவதும், இறைச்சி போடுவதும், முடிந்த சஹனைக் கழுவுவதுமாக நின்றோம்.

இரண்டு மணி தாண்டியிருக்கும். என் கை நடுங்கியது. நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை. இறைச்சிச் சட்டி இரண்டாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மதினி ஏதோ கேட்கிறா, அவவின் வாய் அசைவது தெரிகிறது, சொல் விளங்கவில்லை. எனக்கு இது என்னவென்று தெரியும். எட்டிச் சீனி ரின்னைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, துருவுபலகைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே குந்திவிட்டேன்.

குசினி வாசலில் நின்ற ஒரு பெரியம்மா சிரித்தா. "என்ன புள்ள, சீனி வருத்தம் என்டு ஊசி போடுற, இஞ்ச கள்ளமாச் சீனி தின்னுற?"

எல்லோரும் சிரித்தார்கள். அசருக்கு முன் அந்தக் கதை முன்வீட்டுக்குப் போய்விட்டது. மஃரிபுக்கு என் உம்மாவின் காதுக்கே வந்துவிட்டது, இன்னொரு வாலும் சேர்ந்து: வருத்தம் கிருத்தம் ஒன்றுமில்லையாம், வேலைக்கு ஒளிக்கிறாவாம்.

அன்றைக்கு எனக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. இப்போது இருக்கிறது.

முதலில் அந்தச் சீனிக் கதையை முடிப்போம். இன்சுலின் போடுகிறவருக்கு இரத்தத்தில் சீனி கூடுவது ஒரு ஆபத்து. குறைவது இன்னொரு ஆபத்து. கூடினால் அது கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் வருடக்கணக்கில் தின்னும். குறைந்தால் நிமிடக்கணக்கு. 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் கோபம் வரும். இன்னும் இறங்கினால் நிதானம் போகும், மயக்கம் வரும், வலிப்பும் வரலாம். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. கள்ளத் தீன் அல்ல, மருந்து. 15 கிராம் அளவு, அதாவது மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் பொறுத்து, திரும்பவும் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும் சாப்பாடு. வட்டிலப்பம் தந்தால் உதவாது. அதிலுள்ள தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியை இரத்தத்துக்குப் போகவிடாமல் சுணக்கும். அன்றைக்கு ஒருவர் அன்பாக அதைத்தான் நீட்டினா, அதனால் சொல்கிறேன். நினைவில்லாமல் விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு 1990க்கு அழையுங்கள்.

சரி, அந்தச் சீனி ஏன் இறங்கியது? நான் ஊசி போட்டதாலா? இல்லை. ஊசி தன் வேலையைச் சரியாகச் செய்தது. வர வேண்டிய சோறு வரவில்லை.

இந்த வருத்தம் எனக்கு வந்து ஒன்றரை வருடம். வயது 34. ஒரு தவணை முழுக்கத் தாகம், இரவில் நாலைந்து தடவை எழும்புவது, கரும்பலகை எழுத்து மங்குவது, சட்டைகள் தொளதொளப்பது. மெலிந்துவிட்டாய் என்று ஆசிரியர் அறையில் பாராட்டு வேறு. நானும் சந்தோசப்பட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். கடைசியில் இரத்தம் பார்த்தால் 430. டொக்டர் குளிசையோடு நிற்கவில்லை, அன்றைக்கே இன்சுலின் எழுதினார்.

ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிற கலவை இன்சுலின்தான் எனக்கும். பால்போல் கலங்கலாக இருக்கும், போத்தலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்குள் வைத்து உருட்ட வேண்டும். நூற்றுக்கு 30 பங்கு வேகமாக வேலை செய்வது, 70 பங்கு மெதுவாக வேலை செய்வது. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் போட வேண்டும். மிஸி நல்ல மனுசி. எங்கே குத்துவது, இடத்தை எப்படி மாற்றி மாற்றிப் போடுவது, சிறிஞ்சில் கோட்டை எப்படிப் பார்ப்பது, எல்லாம் காட்டித் தந்தா. "போட்டா கட்டாயம் சாப்பிடணும்" என்றும் சொன்னா. வரிசையில் என் பின்னால் அறுபது பேர். அவவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஒரு கேள்வியை அந்தக் கிளினிக்கில் யாருமே கேட்கவில்லை. "உங்கட வீட்டில நீங்க எத்தனையாவது ஆளாச் சாப்பிடுவீங்க?"

கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். கடைசி ஆளாக.

இனி அந்த 70 பங்கின் கதை. காலை ஆறே காலுக்குப் போடுகிற ஊசியின் வேகமான பங்கு காலைச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். மெதுவான பங்கு பத்து, பத்தரைக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும், பின்னேரம் வரைக்கும் நிற்கும். அதாவது பகல் சாப்பாட்டுக்கான இன்சுலினையும் நான் காலையிலேயே உடம்புக்குள் ஏற்றிவிட்டேன். அதைத் திருப்பி எடுக்க முடியாது. "ஊசி காலையிலதானே போட்டீங்க, பகல் சாப்பாடு கொஞ்சம் சுணங்கினா என்ன?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! அந்தச் சுணக்கம்தான் ஆளைச் சாய்க்கிறது. பன்னிரண்டரைக்கு வர வேண்டிய சோறு இரண்டரைக்கு வந்தால், நடுவில் உள்ள இரண்டு மணித்தியாலமும் இன்சுலின் சும்மா இருக்காது. இரத்தத்தில் உள்ள சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும்.

பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும். முதல் மாதத்தில் என் நாள் இப்படி: இடைவேளையில் சீனியில்லாத ஒரு பிளேன்ரீ, வேறொன்றுமில்லை, ஏனென்றால் "சீனி வருத்தக்காரர் வாயைக் கட்டணும்" என்று எல்லோரும் புத்தி சொல்லியிருந்தார்கள். ஒன்றரைக்கு விட்டு, இரண்டுக்கு வீடு, காலையில் ஆக்கி வைத்ததைச் சூடாக்கி, பிள்ளைகளுக்கும் அவருக்கும் போட்டு, நான் உட்காரும்போது இரண்டே முக்கால். கடைசிப் பாடத்தில் ஒவ்வொரு நாளும் எரிச்சல், நடுக்கம். தரம் 9 பிள்ளைகளுக்கு அந்த மாதம் நான் ஏசிய ஏச்சில் பாதி அவர்களின் குற்றத்துக்கல்ல, என் இரத்தத்தில் சீனி இறங்கியதற்கு. அது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. களைப்பு என்று நினைத்தேன்.

பிறகு நானே ஒரு கெட்டித்தனம் செய்தேன். நடுக்கம் ஊசியால்தானே வருகிறது என்று ஊசியைக் குறைத்தேன். இரண்டு கிழமையில் காலைச் சீனி 310. அடுத்த கிளினிக் நெருங்கும்போது டொக்டருக்குப் பயந்து இரண்டு நாள் வயிற்றைக் கட்டினேன். சிரிக்காதீர்கள், இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் கிளினிக்குக்கு முந்திய நாள் இரவு வெறும் பிஸ்கட்டோடு படுத்திருக்கிறீர்கள்? டொக்டர் ஏமாறவில்லை. மூன்று மாதத்துச் சீனியைக் காட்டுகிற சோதனை ஒன்று இருக்கிறது, இரண்டு நாள் பட்டினியை அது கணக்கில் எடுக்காது.

அன்றைக்குத்தான் அவர் ஒரு கொப்பி போடச் சொன்னார். ஊசி நேரம், அளவு, சாப்பிட்ட நேரம், என்ன, எவ்வளவு, சீனி எத்தனை. ஆசிரியைக்குக் கொப்பி போடச் சொல்லித் தர வேண்டுமா? இரண்டு மாதம் எழுதினேன். சோதிக்கிற ஸ்ட்ரிப்பின் விலை கையைக் கடிக்கத்தான் செய்தது, நாளுக்கு நாலு தடவை பார்க்க முடியாதபோது நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

அந்தக் கொப்பி எனக்குச் சொல்லித் தந்தது, ஊரில் யாரும் சொல்லாதது. என் கஷ்டம் சீனியைத் தின்பதால் வந்ததல்ல, அதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒரு நாள் ஒரு அகப்பை சோறு, மறு நாள் மூன்று அகப்பை. ஒரு நாள் ஒரு மணிக்கு, மறு நாள் மூன்று மணிக்கு. ஊசி மட்டும் தினமும் ஒரே அளவு. கலவை இன்சுலினுக்கு எங்கள் சாப்பாடு தெரியாது. நேற்றுப்போலத்தான் இன்றும் சாப்பிடுவாள் என்று நம்பி அது வேலையைத் தொடங்குகிறது. ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாப்பொருள், ஒரு துண்டுப் பாணில் 15க்குக் கிட்ட. அப்படிப் பார்த்தால் என் பழைய காலைச் சாப்பாடான ஐந்து துண்டுப் பாண், தட்டு முட்டச் சோறு சாப்பிட்டதற்குச் சமம். "சோறு குறைச்சிட்டேன், பாண்தான் சாப்பிடுறேன்" என்று பெருமை வேறு பட்டிருக்கிறேன். இன்னொரு பெருமையும் ஊரில் உண்டு: கித்துல் சக்கரை ஒன்றும் செய்யாதாம். செய்யும். என் மீற்றருக்குக் கித்துலும் தெரியாது, வெள்ளைச் சீனியும் தெரியாது, ஏறின கணக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு சரிவந்தது எப்படி? புது மருந்தால் அல்ல. அதிபரிடம் போய் விசயத்தைச் சொன்னேன். நேரசூசியில் என் ஒரு பாடத்தை இன்னொரு ரீச்சரோடு மாற்றி, பன்னிரண்டே காலுக்கு எனக்கு ஓய்வு வருகிற மாதிரிப் போட்டுத் தந்தார். ஐந்து நிமிட வேலை. வீட்டிலிருந்து கொண்டு போகிற சோற்றை அந்த நேரத்தில் சாப்பிடுகிறேன். இடைவேளையில் கொஞ்சம் கடலை அவித்தது, இல்லாவிட்டால் இரண்டு கிறாக்கர். ஊசியை டொக்டர் சொன்ன அளவுக்குத் திரும்பக் கொண்டு வந்தேன். ஒரு மாதத்தில் நடுக்கம் நின்றது, காலைச் சீனியும் இறங்கியது. என் அளவு என் உடம்புக்கு. நீங்கள் உங்கள் கொப்பியோடு உங்கள் டொக்டரிடம் போங்கள்.

பாடசாலையில் ஐந்து நிமிடத்தில் முடிந்த காரியம் வீட்டில் ஒன்றரை வருடமாக முடியவில்லை. இதற்குத்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீடுகளில் சாப்பாடு என்பது பசிக்கு மட்டுமல்ல, வரிசைக்கும்தான். ஆண்கள், விருந்தாளிகள், பிள்ளைகள், மிஞ்சியது நாங்கள். மிஞ்சியது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தி முடிந்து பார்த்தால் இறைச்சி இருக்காது, மரக்கறி இருக்காது, அடிச்சோறும் ஆணமும்தான் இருக்கும். நேரமும் பிந்தி, அதுவரைக்கும் காய்ந்த பசியில் அந்த அடிச்சோற்றை இரண்டு மடங்கு சாப்பிடுவோம். முதலில் சீனி இறங்கும், பிறகு மலையாக ஏறும். இதைத்தான் கிளினிக்கில் "கட்டுப்பாடில்லை" என்று கொப்பியில் எழுதுகிறார்கள். கட்டுப்பாடில்லாதது அந்தப் பெண் இல்லையே!

"விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்ந்த விசயம்" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். மறுக்கவில்லை. என் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு நான் குறை வைத்ததுமில்லை. ஆனால் விருந்தாளியைக் கண்ணியப்படுத்த வீட்டுக்காரி மயங்கி விழ வேண்டும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? உடம்புக்கும் நம்மீது ஹக் இருக்கிறது என்று ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அந்த உடம்பு ஆண் உடம்பு மட்டும்தானா? கூடத்தில் ஒரு மாமாவுக்குச் சீனி வருத்தம் என்றால் "அவருக்கு முதல்ல வைங்க, மருந்து போடுறவர்" என்று குரல் வருகிறது. நல்லது, வர வேண்டிய குரல்தான். அதே மருந்து போடுகிறவள் குசினிக்குள் நின்றால் மட்டும் அந்தக் குரல் எங்கே போகிறது?

பெண்களுக்கும் சொல்ல இருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தது ஆண்கள் அல்ல. "நாங்களெல்லாம் சாப்பிடாமத்தான் நிற்கிறோம், உனக்கு மட்டும் என்ன அவசரம்?" என்று கேட்பது ஆண்கள் அல்ல. மருமகள் பந்திக்கு முன்னால் தட்டோடு உட்கார்ந்தாள் என்பதை ஆறு மாதத்துக்குக் கதைப்பதும் ஆண்கள் அல்ல. நாற்பது வருடம் பசியோடு நின்றவர்கள் அதையே பண்பு என்று அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். என் மாமியும் ஊசி போடுகிறவர்தான். அன்றைக்கு அவவும் சாப்பிடவில்லை. பின்னேரம் நான் அவவின் விரலில் குத்திப் பார்த்தேன், 61. "எனக்கு இப்படி அடிக்கடி வரும் புள்ள, வயசுக் கோளாறு" என்றா. எத்தனை வருடமாக வருகிறது என்று கேட்டேன். ஐந்தாறு வருடமாம். ஐந்தாறு வருடமாக ஒரு மனுசி தன் வீட்டுக் குசினியிலேயே தலைசுற்றி நின்றிருக்கிறா. ஒருவருக்கும் தெரியாது.

எனக்குச் சிரித்த பெரியம்மாவின் மேல் வந்த கோபம் அந்த இடத்தில் பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, ஊசி என்றால் கடைசி என்கிற பேச்சு. "ஊசிக்குப் போட்டாங்களா? அப்ப முடிஞ்சுது" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் வெளியிலிருந்து வந்த நஞ்சல்ல, நம் கணையம் தானாகவே சுரக்கிற சாமான். கனடாவின் ரொரன்ரோவில் 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் அதை முதன்முதலில் ஊசியாகப் போட்டார்கள். அதற்கு முன்பு அந்த வகைச் சீனி வருத்தம் வந்த பிள்ளைகளுக்கு டொக்டர்மாரிடம் இருந்த ஒரே வழி பட்டினி போடுவது. எலும்பும் தோலுமாகக் கொஞ்சக் காலம் இழுத்துக்கொண்டு கிடந்து மௌத்தாவார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படி வந்த மருந்தை, நம் ஊரில் வட்சப்பில் பொடி விற்கிறவர் "நாற்பது நாளில் ஊசியை நிறுத்தலாம்" என்கிறார். கருஞ்சீரகத்தை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதைக் காட்டி ஊசியை நிறுத்தச் சொல்கிறவரைத்தான் சொல்கிறேன். முதலாம் வகை உள்ள ஒரு பிள்ளை இன்சுலினை நிறுத்தினால் ஒரு சில நாளிலேயே இரத்தம் அமிலமாகி உயிருக்கு வந்துவிடும். அப்போது அந்தப் பொடிக்காரரின் ஃபோன் வேலை செய்யாது.

பிள்ளை என்றதும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

எனக்கு இந்த வருத்தம் வருவதற்கு இரண்டு வருடம் முன், என் வகுப்பில் ஒரு பையன். பாட நேரத்தில் டொபி தின்றான். முதல் தடவை எச்சரித்தேன். இரண்டாம் தடவை கையிலிருந்ததைப் பறித்து ஜன்னலால் எறிந்துவிட்டு எழும்பி நிற்கச் சொன்னேன். நின்றான். முகம் வெளிறி, வியர்த்து, கண் எங்கோ பார்த்தபடி. நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். "கேட்கிறதுக்குப் பதில் சொல்லத் தெரியாதா?" என்று சத்தம் போட்டேன். பக்கத்து வகுப்பு ரீச்சர் சத்தம் கேட்டு வந்து, அவனைப் பார்த்ததும் ஓடிப் போய்ச் சீனித் தண்ணீர் கலக்கி வந்தா. அவவின் தங்கச்சி மகனுக்கும் அதே வருத்தம், அதனால் தெரிந்திருக்கிறது. அவன் தப்பினான், அல்ஹம்துலில்லாஹ்.

அவனுடைய உம்மா அடுத்த நாள் வந்தா. சண்டைக்கு வருகிறா என்று நினைத்தேன். வந்து மெதுவாகக் கேட்டா: "டீச்சர், மத்தப் புள்ளைகளுக்குச் சொல்லிராதீங்க. எங்களுக்குக் குமர் ரெண்டு இருக்கு. பரம்பரை வருத்தம் என்டு கதை வந்திரும்."

மகனின் உயிரை விடப் பெரிதாக அந்த உம்மாவைப் பயமுறுத்தியது எது என்று பாருங்கள். அந்தப் பயத்தை அவவுக்குக் கொடுத்தது நாம்தான். பெண் பார்க்கப் போகிற வீட்டில் பிரிட்ஜைத் திறந்து இன்சுலின் போத்தல் இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதனால் போத்தலைக் கறிவேப்பிலைப் பைக்குள் சுற்றி வைக்கிறார்கள், ஊசியைக் கக்கூசுக்குள் போய்ப் போடுகிறார்கள். ஒளித்துப் போடுகிற ஊசிக்கு யாரிடம் நேரம் கேட்பது? யாரிடம் "எனக்கு இப்பவே சோறு வேணும்" என்று சொல்வது?

அந்தப் பையனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். இப்போது உயர்தரம் படிக்கிறான். எனக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் குத்தினால் நோகாது என்று காட்டித் தந்துவிட்டுப் போனான்.

ஆகவே ரீச்சர்மாரே, சேர்மாரே, வகுப்பில் இன்சுலின் போடுகிற பிள்ளை இருந்தால் அதன் பையில் டொபி இருக்கட்டும். பாடம் நடக்கும்போதும் தின்னட்டும். பரீட்சை மண்டபத்திலும் தின்னட்டும். தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் கேட்டால் விடுங்கள். விளையாட்டுப் போட்டிப் பயிற்சி இருக்கிற நாளில் அந்தப் பிள்ளைக்கு மேலதிகமாகச் சாப்பிட ஏதாவது வேண்டும், ஓடுவதும் சீனியை இறக்கும்.

நோன்பைப் பற்றியும் கேட்பீர்கள். அது தனிப் பதிவுக்குரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை சூரா பகராவிலேயே இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர் நோன்பு பிடிக்கலாமா என்பதை நோன்புக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே டொக்டரிடம் கேட்க வேண்டும், பிறை கண்ட பிறகல்ல. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் ரமழானுக்கென்றே வெளியிட்ட வழிகாட்டலில் இருக்கிறது. மஃரிபுக்கு ஐந்து நிமிடம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கஞ்சிச் சட்டிக்கு முன்னால் நிற்கிற உம்மாமாருக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். அந்த ஐந்து நிமிடத்திலும் ஆள் விழலாம்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணக் கார்டில் "ளுஹர் தொழுகையின் பின்" என்பதை விட்டு மணியைப் போடுங்கள், போட்டால் அந்த மணிக்குச் சோற்றை வையுங்கள். வெளியில் ஆண்களுக்கு முதல் சஹன் வைக்கும்போதே உள்ளே மருந்து போடுகிற பெண்களுக்கும் ஒரு சஹன் வையுங்கள். ஒரு சஹன், அவ்வளவுதான். போதும் என்று கையால் மறைக்கிறவரின் தட்டில் மறைத்த கைக்கு மேலால் சோற்றைப் போடாதீர்கள், அவர் எண்ணித்தான் சாப்பிடுகிறார். கணவன்மாரே, கிளினிக்குக்கு ஆட்டோ பிடித்து அனுப்புவதோடு உங்கள் கடமை முடியவில்லை. பன்னிரண்டரைக்கு ஒரு தடவை "நீ சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். சாப்பிடவில்லை என்றால் அகப்பையை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இவர் இப்போது வாங்கிக்கொள்கிறார். பழக ஏழெட்டு மாதம் எடுத்தது, ஆணத்தை அளவாக ஊற்ற இன்னும் தெரியாது.

மௌலவிமார் ஒரு ஜும்ஆவை இதற்குத் தந்தால் நான் ஆயிரம் பதிவு எழுதுவதை விடப் பலன் கூட.

கொமண்டில் வந்து "டீச்சர் குடும்ப விசயத்தைச் சந்திக்குக் கொண்டு வந்திட்டா" என்று எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மாமியிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். 61 என்கிற கணக்கையும் எழுது என்று சொன்னதே அவதான்.

வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமி வீட்டார், மதினிமார், அந்தப் பெரியம்மா, எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பகல் பன்னிரண்டே முக்காலுக்குச் சோறு வைப்பேன். சுணங்கி வருகிறவர்களுக்குக் குறையில்லாமல் எடுத்து மூடி வைத்திருப்பேன். நீங்கள் வரும்போது நானும் மாமியும் சாப்பிட்டு முடித்திருப்போம்.